பெருக்கமா, பன்மையா?



புனே நகரத்தின் வடமேற்கில், முளா ஆற்றின் கரையில் ஔந்த் என்றொரு பகுதி இருக்கிறது. முன்னாளில் தனிக் கிராமமாக இருந்து இன்று நகரத்தோடு ஒன்றாகிவிட்ட இடம் அது. சாத்தாரா மாவட்டத்தில் அரசர் ஆண்ட ஔந்த் சமஸ்தானம் வேறு. நான் சொல்லும் ஔந்த் வேறு. தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியேறி வாழ்கின்றன. அவற்றுள் என் குடும்பமும் ஒன்று. மொழிபெயர்ப்பு என் தொழில். மத்திய அரசாங்கத்தின் அறிக்கைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தமிழாக்குவதே என் அன்றாட வேலை.

சில மாதங்களுக்கு முன்பு என் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். ஒகேனக்கல் பக்கத்தில் பிறந்து, இளமையில் பரிசல் ஓட்டியும் வலை வீசியும் வாழ்ந்தவர். ஒரு நாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தின்மீது நடந்துசென்றேன். கோடைக்காலம். பாலத்தின் கீழே கரைக்குக் கரை பச்சைக் கம்பளம் விரித்ததுபோல ஆகாயத்தாமரை படர்ந்து கிடந்தது. "பார்த்தீர்களா மாமா, நகரத்தின் நடுவிலும் எவ்வளவு பசுமை!" என்றேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "பசுமை சரி மாப்பிள்ளை. இதற்குக் கீழே என்னென்ன மீன் இருக்கிறது?" என்று கேட்டார்.

என்னால் விடை சொல்ல இயலவில்லை. பல ஆண்டுகளாக அந்தப் பாலத்தை நாள்தோறும் கடந்து அலுவலகம் சென்றிருக்கிறேன். அந்த ஆற்றில் வாழும் ஒரு மீனின் பெயரையேனும் நான் அறிந்தவனல்லன். அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஓரிடத்தில் வாழும் செடி கொடிகள், விலங்குகள், பறவைகள், பூச்சிகள், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் ஆகிய யாவற்றின் பலவகைத் தன்மையைக் குறிக்க, 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்னும் தொடர் இப்போது தமிழில் பரவலாக வழங்குகிறது. 'உயிர்ப் பன்மை' என்று எழுதுவோரும் உளர். நானும் நெடுங்காலம் 'பெருக்கம்' என்றே எழுதி வந்தேன். ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தமிழாக்கியபோது, அத்தொடரை ஒரே பக்கத்தில் ஏழெட்டு முறை எழுதியிருக்கிறேன். அன்று எனக்கு ஐயம் எழவில்லை. மாமாவின் கேள்விக்குப் பிறகு ஐயம் எழுந்தது. பெருக்கம் என்பது எண்ணிக்கையைப் பற்றியது. பன்மை என்பது வகையைப் பற்றியது. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. முளா ஆற்றில் அது பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அது நீர்ப்பரப்பை மூடியதனால் சூரிய ஒளி கீழே செல்லவில்லை. நீரில் உயிர்க்காற்று குறைகிறது. பிற உயிர்கள் அகலுகின்றன. அங்கே பெருக்கம் உண்டு, பன்மை இல்லை.

இந்த வேற்றுமை சொல்லாராய்ச்சியோடு முடிந்துபோகும் விஷயமன்று. இதை அறியாமல் நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியம், நம் காவேரி ஆற்றில் ஒரு மீனினத்தை அழிவின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அந்தக் கதை புனே நகரத்து ஆற்றில் தொடங்கிக் காவேரியில் முடிவதால், புனேத் தமிழனாகிய எனக்கு அதைச் சொல்லும் கடமை இரட்டிப்பாகிறது.

முளாவும் காவேரியும் ஒரே மலையின் பெண்கள். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து கிழக்கு நோக்கி ஓடுகின்றன. முளா ஆறு முள்ஷி அணையைக் கடந்து, ஔந்தைத் தொட்டு, புனே நகரத்தினுள் முட்டா ஆற்றோடு கூடி, பீமாவில் கலந்து, பீமாவின் வழியாகக் கிருஷ்ணாவை அடைந்து, இறுதியில் வங்கக் கடலைச் சேர்கிறது. காவேரி சேருமிடமும் அதே கடல்தான். ஆயினும், மலைச்சரிவில் பிறக்கும்போதே பிரிந்த இரு ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்தனியே ஓடும்போது, அவற்றில் வாழும் உயிர்களும் தனித்தனியே வேறுபட்டு உருவாகின்றன. அக்காள் வீட்டுப் பிள்ளைக்கும் தங்கை வீட்டுப் பிள்ளைக்கும் சாயல் ஒன்றாக இருந்தும் முகம் வேறாக இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

கெண்டை இனத்தின் பெருங்குடும்பத்தில் மாசீர் என்னும் மீன்கள் உள்ளன. பெரிய செதில்களும் பெருவலிமையும் உடையவை. வேகமாக ஓடும் தெளிந்த நீரை விரும்புபவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய் மாகாணத்தில் பணிபுரிந்த கர்னல் சைக்ஸ் என்பவர் தக்காணத்து மீன்களை ஆராய்ந்து எழுதினார். புனேக்கு அருகில் முளா-முட்டா ஆற்றில் கிடைத்த மாசீர் மீனை 1839 ஆம் ஆண்டில் அவர் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 'டோர் குத்ரீ' என்பது அதன் இன்றைய விஞ்ஞானப் பெயர். அதன் துடுப்புகளில் நீலச் சாயல் உண்டு. ஆதலின் அதை நீலத்துடுப்பு மாசீர் என்பர்.

காவேரியின் மாசீர் வேறு. அதன் முதுகில் தலைக்குப் பின்னே திமில்போல ஒரு மேடு உண்டு. துடுப்புகள் ஆரஞ்சு நிறத்தன. உலகத்தின் மிகப் பெரிய மாசீர் வகைகளுள் அதுவும் ஒன்று. காவேரி நதிமண்டலத்தில் 1946 ஆம் ஆண்டில் தூண்டிலில் அகப்பட்ட ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. என் மாமா தம் இளமையில் கண்ட பெரிய கெண்டையைப் பற்றிப் பேசும்போது இரு கைகளையும் அகல விரித்துக் காட்டுவார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அதைக் கேட்டுச் சிரிப்போம். அவர் மிகைப்படுத்தவில்லை என்பதை இப்போதுதான் அறிகிறேன்.

இந்திய ஆறுகளில் மாசீர் மீன்கள் குறைந்து வருகின்றன என்ற கவலை சென்ற நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. அணைகள், வெடிவைத்து மீன்பிடித்தல், நஞ்சு கலத்தல் எனக் காரணங்கள் பல. புனேக்கு மேற்கே மலைமேலுள்ள லோணாவளாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியார் ஓர் அரிய முயற்சியை மேற்கொண்டனர். 1970களின் தொடக்கத்திலிருந்து அங்கே மாசீர் மீன்களைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளை வளர்க்கத் தொடங்கினர். எளிதில் குஞ்சு பொரிக்காத மீனை இலட்சக்கணக்கில் வளர்த்துக் காட்டியது பெரிய சாதனை, அதில் ஐயமில்லை. அக்குஞ்சுகள் இந்தியாவின் பல நீர்நிலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன. காவேரியும் அவற்றுள் ஒன்று. மாசீர் குறைந்துவிட்டதா, மாசீரைக் கொண்டுவந்து விடுவோம் என்பதே அன்றைய எண்ணம். ஆற்றில் விட்டவர்கள் ஆற்றின்மேல் அன்பு கொண்டவர்கள்தாம். ஆனால், விட்டது புனேயின் நீலத்துடுப்பு மாசீர். விடப்பட்ட இடம் திமில் மாசீரின் வீடு.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். கர்நாடகத்தில் காவேரிக் கரையில் இருந்த மீன்பிடி முகாம்களுக்குப் பல நாட்டினர் வருவர். பிடித்த மீனை எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கே வழக்கம். அவ்வாறு 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்புகளை, இங்கிலாந்தைச் சார்ந்த ஏட்ரியன் பின்டர், ராபர்ட் பிரிட்டன், கேரளத்தைச் சார்ந்த ராஜீவ் ராகவன் ஆகிய விஞ்ஞானிகள் எடுத்து ஆராய்ந்தனர். மாசீர் எத்தனை என்று கூட்டிப் பார்த்தபோது, ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை உயர்ந்திருந்தது. பாதுகாப்பு வெற்றி பெற்றது என்று மகிழத்தக்க கணக்கு அது. பிறகு, எந்த மாசீர் எத்தனை என்று வகை பிரித்துப் பார்த்தனர். உயர்ந்தது முழுவதும் நீலத்துடுப்பு மீனின் எண்ணிக்கையே. திமில் மாசீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்திருந்தது. அகப்பட்ட சிலவும் வரவர எடை மிகுந்தனவாக இருந்தன. எடை மிகுந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். அன்று. கிழவர்கள் மட்டும் இருந்து குழந்தைகள் பிறவாத ஊரின் நிலைமை அது. 2015 ஆம் ஆண்டில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

நேயர்களே, இதைக் காட்டிலும் தெளிவாகப் பெருக்கத்துக்கும் பன்மைக்கும் உள்ள வேற்றுமையை விளக்கவல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கூட்டுத்தொகை ஏறியது, ஓரினம் இறங்கியது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவர் கைதட்டினார்; வகை பிரித்துப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

அந்தத் திமில் மீனுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அதற்கு விஞ்ஞானப் பெயர் உறுதியாகவில்லை. உலகம் முழுவதும் புகழ் பெற்ற மீன். ஆயினும், எந்த இனம் என்று முடிவாகாத மீன். பெயர் இல்லாத உயிரைப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? கேரளத்தில் சின்னாறு வனப்பகுதியில் ஓடும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மாசீரை, குறுப், ராதாகிருஷ்ணன் என்னும் இரு விஞ்ஞானிகள் 2007 ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரித்திருந்தனர். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் தென்னாட்டு மீன்களை ஆராய்ந்த ரெமாதேவி அம்மையாரைப் போற்றி, அதற்கு 'டோர் ரெமாதேவி' என்று பெயரிட்டனர். அந்தப் பாம்பாறுதான் கீழே இறங்கி, உடுமலைப்பேட்டையும் கரூரும் அறிந்த நம் அமராவதியாகிக் காவேரியில் கலக்கிறது. பாம்பாற்று மீனும் காவேரியின் திமில் மாசீரும் ஒன்றே என்று 2018 ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. அதே ஆண்டில், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், முற்றிலும் அற்றுப்போகும் அபாயத்துக்கு மிக அருகிலுள்ள இனங்களின் வரிசையில் அது சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்ததும் ஆபத்தும் அறியப்பட்டது. முதுமலைக்கும் பண்டிப்பூருக்கும் இடையே ஓடிப் பவானிசாகரை அடையும் மாயாறுதான் இன்று அதற்கு எஞ்சிய முக்கியப் புகலிடம்.

அயல் மீன் ஒன்றே இந்நிலைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றை மறித்த அணைகளும், மணல் வாருதலும், வெடியும் நஞ்சும் சேர்ந்தே அதனை நலிவித்தன. நலிந்தவன் வீட்டில் வலியவனைக் குடிவைத்தோம் என்பதே நம் பிழை.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒரு மாசீர் போனால் என்ன, இன்னொரு மாசீர் இருக்கிறதே. ஆற்றில் மீன் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். இது அறியாமையால் எழும் கேள்வியன்று. பசித்தவனுக்கு மீனின் இனப்பெயர் எதற்கு? இதற்கு இரண்டு உதாரணங்களால் விடை கூற முயல்கிறேன்.

முதலாவது, நாம் உண்ணும் சோற்றைப் பற்றியது. 1970களில் ஆசிய நாடுகள் பலவற்றில் புதிய குட்டை ரக நெல் பரவியது. விளைச்சல் பெருகியது, பஞ்சம் நீங்கியது. அதே வேளையில், புகையான் பூச்சியால் பரவும் ஒரு நச்சுயிரி நோய், பயிரைக் குட்டையாக்கிப் புல்போல் ஆக்கி அழிக்கத் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், நோயைத் தாங்கவல்ல நெல் எது என்று ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வகைகளைச் சோதித்தனர். பயிரிடும் நெல் ஒன்றும் தேறவில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்து வைத்திருந்த ஒரு காட்டு நெல் மட்டுமே அந்நோயைத் தாங்கியது. விளைச்சல் குறைந்தது, மணி உதிர்ந்துபோவது, எந்த உழவனும் களை என்று பிடுங்கி எறியக்கூடியது. பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ் என்னும் விஞ்ஞானியும் அவருடைய கூட்டத்தாரும் அந்தக் காட்டு நெல்லின் குணத்தை நாட்டு நெல்லில் ஏற்றினர். கோடிக்கணக்கான மக்களின் உணவு காப்பாற்றப்பட்டது. அந்த ஒரு வகை முன்பே அழிந்திருந்தால், எத்தனை ஆயிரம் மூட்டை நெல் இருந்தும் அந்தக் குணத்தை எங்கிருந்து பெற்றிருக்க முடியும்? எது என்றைக்குத் தேவைப்படும் என்பதை நாம் முன்கூட்டி அறியோம். அறியாத காரணத்தாலேயே எல்லாவற்றையும் காப்பது அறிவுடைமையாகிறது.

இரண்டாவது உதாரணம் ஔந்த் ஆற்றங்கரையில் நிற்கிறது. அது அத்திமரம். மராட்டியர் 'உம்பர்' என்பர். அத்தி பூக்காமல் காய்ப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பூக்கள் காய்க்குள்ளே மறைந்திருக்கின்றன. எறும்பினும் சிறிய ஒரு குளவி, காயின் நுனியிலுள்ள துளை வழியாக உள்ளே புகுந்து மகரந்தத்தைச் சேர்க்கிறது. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கே உரிய குளவி உண்டு; ஆலின் குளவி அத்திக்குப் பெரும்பாலும் உதவாது. அக்குளவி இல்லையேல் அத்தியில் விதை இல்லை. அத்தி இல்லையேல், பிற மரங்கள் காய்க்காத காலத்தில் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் அணில்களுக்கும் உணவு இல்லை. உயிர்களின் உறவு இவ்வாறு பெயர் சொல்லி அழைக்கும் உறவாக இருக்கிறது. மாமன் செய்ய வேண்டிய சீரை வழிப்போக்கன் செய்துவிட முடியாது.

அப்படியானால் மீன் வளர்ப்பே கூடாதா? கூடும், வேண்டும். நாம் ஜிலேபி மீன் என்று வழங்கும் திலாப்பியாவை, எளியோருக்கு மலிவாக உணவு கிடைக்கும் என்ற நோக்கத்தோடு 1952 ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால், அது குளத்தோடு நிற்கவில்லை. ஆறுகளிலும் ஏரிகளிலும் புகுந்து, நாட்டு மீன்களின் உணவையும் முட்டையிடும் இடத்தையும் கவர்ந்துகொண்டது. புனேயின் ஆறுகளிலும் இன்று அது உண்டு. பண்ணைக் குளம் வேறு, ஆறு வேறு. குளத்தில் வேண்டுவது பெருக்கம். ஆற்றில் காக்க வேண்டியது பன்மை. இரண்டையும் குழப்பிக்கொண்டதே நம் தவறு.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நம் செவியில், அயலது, உள்ளூரது என்னும் இச்சொற்கள் சற்று உறுத்தலாம். நாமும் இங்கே வந்து குடியேறியவர்களல்லவா? மீனுக்குச் சொன்னதை மனிதனுக்குச் சொல்லலாகாது. மனிதர் யாவரும் ஒரே இனம். காவேரிக் கரையினரும் முளாக் கரையினரும் உடலால் வேறுபட்ட வகையினர் அல்லர். மனிதன் பேசக் கற்றவன். வந்த இடத்தின் மொழியைக் கற்று, பிறந்த இடத்தின் மொழியையும் மறவாமல் வாழ வல்லவன். ஔந்தில் பிறந்த என் மகள் மராட்டியில் சண்டையிட்டுத் தமிழில் அழுவாள். அதனால் எந்த மொழியும் குறைந்துவிடவில்லை. மீனுக்கு அந்த வசதி இல்லை. ஆதலின், இந்த ஆராய்ச்சியை மனிதருக்கிடையே வேற்றுமை வளர்க்க எவரேனும் பயன்படுத்தினால், அவர் விஞ்ஞானத்தையும் அறியாதவர், மனிதனையும் அறியாதவர்.

இனி, ஔந்துக்கே திரும்புவோம். புனேயில் முளா, முட்டா, இரண்டும் கூடிய முளா-முட்டா ஆகிய ஆறுகளின் கரைகளைச் சுமார் 44 கிலோமீட்டர் நீளத்துக்குச் சீரமைக்கும் திட்டம் ஒன்று நடைபெற்று வருகிறது. ஔந்துக்கும் பாணேருக்கும் அருகில் ராம்நதி முளாவில் கலக்கிறது. அப்பகுதியின் கரையோர மரங்களை வெட்டலாகாது என்று 2025 பிப்ரவரியில் பொதுமக்கள் பலர் திரண்டு கேட்டுக்கொண்டனர். வெட்டும் மரங்களுக்கு ஈடாக வேறிடத்தில் கன்றுகள் நடப்படும் என்பது இத்தகைய திட்டங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அத்திட்டத்தின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்பது என் இன்றைய நோக்கமன்று. கரை சீராக வேண்டும், கழிவுநீர் தூய்மையாக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. நான் வேண்டுவது ஒன்றே. கணக்கு எழுதும்போது, எத்தனை மரம் போயிற்று, எத்தனை கன்று வந்தது என்பதோடு நிறுத்தலாகாது. எந்த மரம் போயிற்று, எந்தக் கன்று வந்தது என்றும் எழுத வேண்டும். வெள்ளத்தில் வேர் நனைந்து நிற்கப் பழகிய அத்தியும் புங்கும் நாவலும் போய், சாலையோரத்து அழகுச் செடிகள் பத்து மடங்கு வந்தாலும், அது காவேரி மீன் கணக்குப் போன்றதே ஆகும். கூட்டுத்தொகை ஏறும், வீடு காலியாகும்.

சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 2002 ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஒரு மேலாண்மைக் குழுவை அமைத்து, தன் எல்லைக்குள் வாழும் உயிர்களையும் அவற்றைப்பற்றி மக்கள் அறிந்தவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். இதற்கான தேசிய ஆணையம் நம் சென்னையில்தான் இருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் சில இடங்கள் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்படுகின்றன. ஔந்துக்கு அருகில், 1873 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கணேஷ்கிண்ட் தோட்டத்தின் 33 ஹெக்டேர் நிலத்தை 2020 ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு அவ்வாறு அறிவித்தது. தமிழ்நாட்டில் முதன்முதலாக மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022 ஆம் ஆண்டில் அப்பெருமையைப் பெற்றது. புனேயில் வாழும் தமிழர் ஒரு விடுமுறை நாளில் கணேஷ்கிண்டையும், ஊருக்குச் செல்லும்போது அரிட்டாபட்டியையும் கண்டு வரலாம்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்க, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் அலுத்துவிட்டால், புண்ணியம் என்று எண்ணி ஆற்றில் விடாதீர்கள். தொட்டியைத் தூய்மை செய்ய வாங்கிய அயல்நாட்டுக் கெளுத்தி, இன்று இந்தியாவின் பல நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து மீனவர் பிழைப்பைக் கெடுக்கிறது. மரம் நடும் விழாவுக்கு அழைத்தால், என்ன மரம் என்று கேட்டுவிட்டு நடுங்கள். கோயில் படித்துறை மீனைப் பிடிக்கலாகாது என்ற நம் முன்னோர் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். சிருங்கேரியில் துங்கை நதிப் படித்துறையில் மாசீர் மீன்கள் அச்சமின்றி உலவுவது அந்த வழக்கத்தால்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்களைக் காப்பாற்றுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து, அவர் அறிந்த மீன்களின் பெயர்கள், நெல்லின் பெயர்கள், புல் பூண்டுகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளனாகிய நான் ஒன்று சொல்ல வல்லேன். ஒரு மொழியில் பெயர் மறைந்த பொருளை வேறு மொழியிலிருந்து கடன் வாங்கி எழுதலாம். பொருளே மறைந்துவிட்டால் எந்த அகராதியும் உதவாது. திமில் மாசீரின் கதையில் பெயர் வந்த பிறகே பாதுகாப்பு வந்தது என்பதை மறவாதீர்கள்.

மாமா ஊர் திரும்புவதற்கு முதல்நாள், நாங்கள் இருவரும் மறுபடி ஆற்றங்கரைக்குச் சென்றோம். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், எனக்குத் தெரிந்த மராட்டியில் மீன்களின் பெயர்களைக் கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். நான் எழுத, மாமா பக்கத்தில் நின்று தமிழ்ப் பெயர் சொன்னார். 'மரள்' என்றார் அவர்; "விரால்" என்றார் மாமா. 'ஷிங்காளா' என்றார் அவர்; "கெளுத்தி" என்றார் மாமா. 'வாம்' என்றார் அவர், அதன் உருவத்தைக் கையால் வரைந்து காட்டியதும், "ஆரல்!" என்று மாமா சிரித்தார். ஒருவர் மொழியை ஒருவர் அறியாத அவ்விரு முதியவர்களும், அரை மணி நேரம் மீன்களைப் பற்றி உரையாடினார்கள். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த சிறந்த மொழிபெயர்ப்பு அதுவே என்று எண்ணுகிறேன்.

கடைசியாக மாசீரைப் பற்றிக் கேட்டேன். அம்முதியவர் தூண்டிலை மடியில் வைத்துவிட்டு, அது தம் பாட்டனார் காலத்துப் பேச்சு, இந்த நீரில் அது இராது என்றார். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே மாமாவுக்கு அது விளங்கிவிட்டது. "எங்கள் ஊரில் அதன் குஞ்சு இருக்கிறது என்று சொல்" என்றார்.

அவர் சொன்னதைச் சொல்லாமல் விட்டுவிட எண்ணினேன், பிறகு சொன்னேன். முளாவின் மீன் காவேரியில் பெருகியிருக்கிறது. முளாவில் அது இல்லை. காவேரியின் மீன் மாயாற்றின் மடுக்களில் ஒதுங்கியிருக்கிறது. இரண்டு ஆறுகளும் தத்தம் பிள்ளைகளைத் திரும்பப் பெறும் நாள் வர வேண்டும். அதற்கு முதற்படியாக, நானும் என் பிழையைத் திருத்திக்கொண்டுவிட்டேன். இப்போது என் மேசைக்கு வரும் தாள்களில் 'பெருக்கம்' என்று எழுதுவதில்லை. 'பன்மை' என்றே எழுதுகிறேன்.